மஞ்சள் துணியில் இருந்த இரும்புக் கட்டை

அம்பாள் அருளால் இந்த வருஷ ஆயுத பூஜை நல்லபடியா முடிந்தது. படங்களை எல்லாம் அன்றைக்கே போட்டு விட்டோம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் "பிறகு விரிவா எழுதுறோம்" என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தோம். அன்னதான வரிசையில் நிற்கும்போதுகூட "அந்த இரும்புக் கட்டை என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறோம். அவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் பெயர் போடவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம பாயான் லெப்பாஸ் பக்கம் ஆயுத பூஜை என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 1972-ல் இங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் வருவதற்கு முன்னால் இந்தப் பகுதி வயலும் தென்னையுமாக இருந்தது. அன்றைக்குச் சாமி முன்னால் மண்வெட்டியும் அரிவாளும் வைத்திருப்பார்கள். இன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், வெர்னியர், லேப்டாப், லாரி சாவி என்று வருகிறது. எதுவானாலும் நமக்குச் சோறு போடும் கருவி, அதற்கு ஒரு நாள் நன்றி சொல்கிறோம். அவ்வளவுதான்.

பூஜைக்கு முதல் நாள் மாலை, கருவிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, எண்பது தாண்டிய அவரோட அத்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அத்தை மடியில் ஒரு மஞ்சள் துணி மூட்டை. பிரித்தால் உள்ளே ஒரு இரும்புக் கட்டை, கூடவே சின்னதா ஒரு ஆணி. இரண்டிலும் பல வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அப்பிப் போயிருந்தன.

"எங்க அப்பாவோட ஆயுதம். அவர் போனதுல இருந்து வீட்லயே வருஷா வருஷம் பூஜை போடுறோம். இனி என்னால முடியாது, கோயில்லயே வச்சிடுங்க" என்றார் அத்தை.

"என்ன ஆயுதம் அத்தை?"

"அது தெரியாது. ஆயுதம்னு அம்மா சொல்லுவாங்க."

அவருடைய அப்பா அக்கரையில், செபராங் பிறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். வீட்டில் இருந்தது அந்தக் கட்டையும், ஒரே ஒரு பழைய படமும்தான்.

நம்ம தொண்டர்களில் ஒருவர் டூல் மேக்கர். முப்பது வருஷமா தொழிற்சாலையில் அச்சு செய்கிறவர். அவர் கையில் வாங்கிப் பார்த்தார். இன்னொரு தம்பி, "அண்ணே, கிரைண்டர்ல ஒரு ஓட்டு ஓட்டினா பளபளன்னு ஆயிடும்" என்றார். அண்ணன் உடனே கையைத் தடுத்தார். "தொடாதே. மேல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாப்போம்."

இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. தமிழ்நாட்டில் சில பழைய கோயில்களில் சுவர் அழுக்கைப் போக்குகிறோம் என்று மணல் வீச்சு அடித்து, பல நூறு வருஷத்துக் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். சுவர் சுத்தமாச்சு, வரலாறு போச்சு. பழைய இரும்புக்கும் இதே நியாயம்தான். கறைக்கு அடியில் எண் இருக்கும், முத்திரை இருக்கும். அதைத் தேய்த்துவிட்டால் திரும்ப எழுத முடியாது.

மெல்லிய துணியால் சந்தனத்தை மட்டும் எடுத்தோம். கட்டை கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், நல்ல கனம். மேல்பக்கம் வாய்க்கால் வெட்டின மாதிரி ஒரு வழவழப்பான குழிவு. முன் முகத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பின்பக்கம் உருண்டையாக, குறுக்கே ஒரு ஓட்டை. கூட இருந்த ஆணியின் முனை இரண்டாகப் பிளந்திருந்தது. அண்ணன் அந்த ஆணியைக் குறுக்கு ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அளவு சரியாகப் பொருந்தியது. "ரெண்டும் ஒரே ஜோடி. இந்த ஆணியில மாட்டிக்கிட்டு, கட்டை மேலயும் கீழயும் ஆடியிருக்கு" என்றார்.

பிறகு தம்பி அந்தப் பழைய படத்தைக் காட்டினார். சுட்டு வீழ்த்தின ஒரு காட்டுப்பன்றி, பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு தாத்தா, கையில் ஒரு நீளத் துப்பாக்கி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், துப்பாக்கியின் விசைக்குப் பின்னால், பிடிக்கு அடியில், வளைவாக ஒரு லீவர் தொங்குகிறது. படத்தையும் கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விடை கிடைத்துவிட்டது. நாங்கள் பூஜைக்கு வாங்கி வைத்தது, ஒரு வேட்டைத் துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் கட்டை. மார்ட்டினி வகை என்று சொல்வார்கள்.

வழக்கமாகப் பழைய துப்பாக்கி கிடைக்கும், அதில் ஏதாவது ஒரு பாகம் இருக்காது. இங்கே தலைகீழ். பாகம் இருக்கிறது, துப்பாக்கி இல்லை.

இந்த மார்ட்டினி வகை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறோம். அமெரிக்காவில் ஹென்றி பீபாடி என்பவர் 1862-ல், லீவரை இழுத்தால் கட்டை கீழே இறங்கி, தோட்டா போட வழி விடும் ஒரு அமைப்புக்கு உரிமை வாங்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த ஃப்ரீட்ரிக் வான் மார்ட்டினி, அடிக்கும் ஊசியையும் சுருள் கம்பியையும் அந்தக் கட்டைக்குள்ளேயே வைத்து அதைத் திருத்தினார். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி குழலைக் கொடுத்தார். மூன்று நாட்டு மூளை சேர்ந்த அந்தத் துப்பாக்கியை 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. பெயர் மார்ட்டினி-ஹென்றி. வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. லீவரை முன்னால் தள்ளினால் கட்டையின் முகம் கீழே இறங்கும், மேலே இருக்கும் வாய்க்கால் வழியாகத் தோட்டா உள்ளே போகும். லீவரை இழுத்தால் கட்டை எழும்பி வாயை அடைக்கும். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான்.

1888-க்கு மேல் ராணுவம் வேறு வகைக்கு மாறிவிட்டது. ஆனாலும் இந்த அமைப்பு சாகவில்லை. பாகங்கள் குறைவு, சேறும் மழையும் தாங்கும். பர்மிங்காமில் கிரீனர் போன்றவர்கள் இதே அமைப்பில் வேட்டைத் துப்பாக்கி செய்து விற்றார்கள். கட்டையைக் கழற்ற பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய ராணுவ அமைப்பில் பின்னால் இருக்கும் அந்தப் பிளவு ஆணியைத் தட்டி எடுத்தால் கட்டை கையோடு வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய துப்பாக்கியை அடையாளம் காண்பது, கிட்டத்தட்ட கோயிலில் கல்வெட்டுப் படிப்பது மாதிரிதான். முதலில் குழலுக்குள் பார்ப்பார்கள். சுருள் சுருளாக வரி ஓடினால் ரைபிள், வழவழப்பாக இருந்தால் ரவை சுடும் துப்பாக்கி. அடுத்து சோதனை முத்திரை. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காமின் சோதனைச் சாலை 1813-ல் சட்டப்படி அமைந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டு, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறும். அதை வைத்தே எங்கே, ஏறக்குறைய எப்போது செய்தது என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு வரிசை எண். நல்ல பெயர் உள்ள கம்பெனிகள், எந்த எண் யாருக்கு விற்றது என்று பேரேடு எழுதி வைத்திருக்கின்றன.

முத்திரை பொய்யும் சொல்லும். ஆப்கானிஸ்தான் எல்லையில் கைபர் பகுதிக் கொல்லர்கள், பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பார்த்துக் கையாலேயே நகல் செய்தவர்கள். கிரீடத்தையும் விக்டோரியா ராணியின் எழுத்துகளையும்கூட அப்படியே பொறித்துவிடுவார்கள். ஆனால் கீழே போடும் வருஷத்தில் மாட்டிக்கொள்வார்கள். ராணி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். அதற்குப் பல வருஷம் கழித்த தேதியோடு ராணியின் முத்திரை இருந்தால், அது நகல் என்று அர்த்தம். ஆங்கில எழுத்து தெரியாததால் சில எழுத்துகளைத் திருப்பிப் போட்டும் வைத்திருப்பார்கள்.

பெயரில்கூட வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் சொல்லும் 'துப்பாக்கி' துருக்கி மொழியில் இருந்து கிளம்பிப் பல மொழி தாண்டி நம்மிடம் வந்த சொல். இங்கே மலாயில் 'செனாப்பாங்' என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் 'ஸ்னாப்ஹான்'. அவர்கள் கொண்டு வந்த பொருளோடு பெயரும் தங்கிவிட்டது.

டச்சுக்காரர்கள் என்றதும், நம்ம ஊரிலேயே நிற்கும் ஒரு பெரிய சாட்சியைச் சொல்லாமல் போக முடியாது. ஜார்ஜ்டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையில் 'ஸ்ரீ ரம்பை' பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரம் கேட்டு அதன் வாயில் பூ வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பீரங்கி எங்கே பிறந்தது என்பதை அதன் உடம்பே சொல்கிறது. செய்த டச்சு வார்ப்புக்காரரின் பெயரும் 1603 என்ற வருஷமும் அதில் வார்க்கப்பட்டிருக்கின்றன. டச்சுக் கம்பெனி அதை ஜோகூர் சுல்தானுக்குக் கொடுத்தது. 1613-ல் ஆச்சே படை ஜோகூரை வென்று பீரங்கியைக் கொண்டு போனது. அந்த வெற்றியையும் பிறகு அதன்மேல் பொறித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சிலாங்கூருக்குப் போனது. 1871-ல் கோலா சிலாங்கூரைத் தாக்கிய பிரிட்டிஷார் அதை எடுத்துப் பினாங்குக்குக் கொண்டு வந்தார்கள். இங்கே கடலில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு கரையேறியது. துங்கு கூடின் கயிறு கட்டி அழைத்ததும் அதுவே மிதந்து வந்தது என்று ஒரு கதையும் உண்டு.

ஐந்து கை மாறியும் அதன் வரலாறு அழியாததற்குக் காரணம், அடுத்து வந்தவர் முன்னவர் எழுத்தைத் தேய்க்கவில்லை. தன் எழுத்தைப் பக்கத்தில் சேர்த்தார். அவ்வளவுதான்.

இதையெல்லாம் நாங்கள் புலனக் குழுவில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பிக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. "அண்ணே, வகை தெரிஞ்சிடுச்சு. கட்டை இருக்கு. மிச்சத்தைச் செஞ்சு முழுத் துப்பாக்கியா தாத்தா பேர்ல கோயில்ல வச்சா என்ன? குடகுல துப்பாக்கிக்கே பூஜை போடுறாங்களே!"

அவர் சொன்னது உண்மைதான். கர்நாடகாவில் குடகு மலையில் வாழும் கொடவர்கள், செப்டம்பர் தொடக்கத்தில் 'கைல் போதூ' என்று ஆயுதத் திருநாள் கொண்டாடுகிறார்கள். துப்பாக்கியைப் பூஜை அறையில் வைத்து, குழல் வாயில் 'தோக் பூ' செருகுவார்கள். தோக் என்றால் துப்பாக்கி. அந்தப் பூ வேறு எதுவும் இல்லை, நம்ம முருகனுக்கு உகந்த செங்காந்தள்தான். ஆனால் அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. 1861-லேயே பிரிட்டிஷ் அரசு கொடவர்களுக்கு ஆயுத உரிமத்தில் இருந்து விலக்குக் கொடுத்தது. இன்றைக்கும் இந்திய அரசு அதை நீட்டித்து வருகிறது. அவர்கள் சட்டப்படி வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த விலக்கு கிடையாது.

நம்ம பகுதியில் செய்ய முடியாத பாகம் என்று எதுவும் இல்லை என்பதும் உண்மைதான். மயிரிழை அளவுக்கு இரும்பு கடைகிறவர்கள் நம்ம பக்தர்களில் எத்தனையோ பேர். டூல் மேக்கர் அண்ணனே சொன்னார்: "செய்யத் தெரியும். அதனாலதான் செய்யக் கூடாதுன்னும் தெரியும்." பழைய துப்பாக்கிகளில் பாகத்தைக் கையால் அரம் போட்டு அந்தந்தத் துப்பாக்கிக்கு மட்டும் பொருந்துவதாகச் செய்வார்கள். ஒன்றில் இருந்து எடுத்தது இன்னொன்றில் சரியாக உட்காராது. கறுப்பு மருந்துக் காலத்துக் குழலில் இன்றைய தோட்டா போட்டால் குழலே வெடிக்கும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் துருவை நிறுத்துவார்கள், மரத்துக்கு எண்ணெய் கொடுப்பார்கள், இல்லாத பாகத்தை இல்லாததாகவே விடுவார்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால், பிறகு கழற்றி எடுக்கும்படி, புதுசு என்று தெரியும்படி சேர்ப்பார்கள்.

உலகப் புகழ் பெற்ற ஒரு வேட்டைத் துப்பாக்கியின் கதையையும் தம்பிக்குச் சொன்னோம். பத்ரிநாத், கேதார்நாத் போய் வந்தவர்கள் ருத்ரபிரயாகையைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். 1918 முதல் எட்டு வருஷம் அந்த யாத்திரைப் பாதையில் ஒரு ஆட்கொல்லிச் சிறுத்தை 125 பேரைக் கொன்றது. இருட்டினால் யாத்ரிகர்கள் சத்திரத்தை விட்டு வெளியே வர மாட்டார்கள். 1926 மே மாதம் குலாப்ராய் என்ற இடத்தில், ஒரு மாமரத்தின் மேல் காத்திருந்து ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். அவர் கையில் இருந்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் துப்பாக்கி. அதன் உள் அமைப்போ ஜெர்மனியின் மவுசர்.

அந்த ரிக்பி அவருக்கு எப்படிக் கிடைத்தது? 1907-ல் குமாவுனில் சம்பாவத் என்ற இடத்தில் ஒரு பெண் புலியை அவர் சுட்டார். நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றது என்று கணக்கு. அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட் அந்த ரிக்பியைக் கொடுத்தார். பரிசு விவரத்தை ஒரு சின்ன வெள்ளித் தகட்டில் பொறித்துத் துப்பாக்கியின் மரத்தில் பதித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சம்பாவத்தில் கார்பெட்டின் தோட்டாக்கள் தீர்ந்து போய்விட்டன. அங்கே இருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடினார். தூக்கிக் குறி பார்க்கும்போதுதான் தெரிந்தது, குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டுப் போயிருந்தது. வெடித்தால் தன் முகத்தில்தான் வெடிக்கும் என்று தெரிந்தும் சுட்டார். அந்த அடியில்தான் புலி சாய்ந்தது. பேரும் புகழும் ரிக்பிக்குப் போனது. அந்த ஓட்டைத் துப்பாக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1947-க்குப் பிறகு கார்பெட் கென்யாவுக்குப் போய், 1955-ல் காலமானார். ரிக்பி, அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் போய்ச் சேர்ந்தது. பல வருஷம் கழித்து அதைச் செய்த கம்பெனியே திரும்ப வாங்கியது. 2016-ல் இந்தியாவுக்கும் கொண்டு வந்து காட்டினார்கள். அதே காலத்தில் அதே கம்பெனி செய்த மற்றத் துப்பாக்கிகளில் இருந்து இதைப் பிரித்துக் காட்டுவது எது? அந்த வெள்ளித் தகடு. யாராவது 'பழசா இருக்கே' என்று அதை எடுத்துவிட்டு மரத்தைப் புதுசாக்கியிருந்தால், அது இன்னொரு பழைய துப்பாக்கி, அவ்வளவுதான்.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தம்பி கேட்டார்: "சரிண்ணே. ஆனா எங்க தாத்தா துப்பாக்கியில தகடும் இல்ல, துப்பாக்கியும் இல்லியே. இந்தக் கட்டை மட்டும் எப்படித் தனியா வந்துச்சு?"

அதுவரை பேசாமல் இருந்த அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார். எங்கள் கையில் இருந்த பிளவு ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதை அப்பா ராத்திரி தட்டித் தட்டி எடுக்கிற சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு."

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அத்தை அப்போது சின்னப் பிள்ளை. தோட்டங்களில் இருந்த துப்பாக்கிகளுக்காகக் காட்டில் இருந்தவர்கள் ராத்திரியில் வருவார்கள் என்ற பயம். இந்தப் பக்கம் அரசாங்கத்தின் பயம். அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று சட்டம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டது நம்ம பெரியவர்களுக்கு மறக்காது. ஒரு துப்பாக்கி கையில் இருப்பதும் ஆபத்து, கையை விட்டுப் போவதும் ஆபத்து என்ற காலம் அது.

பன்றிக் காவலுக்குத் துரை கொடுத்திருந்த தோட்டத்துத் துப்பாக்கி, மண்டோர் தாத்தாவின் பொறுப்பில் இருந்தது. அத்தை சொன்னபடி, தினமும் பொழுது சாய்ந்ததும் தாத்தா அந்த ஆணியைத் தட்டி எடுத்து, கட்டையைக் கழற்றி, துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாராம். துப்பாக்கியை மட்டும் ஆபீஸ் கொட்டகையில் பூட்டி வைப்பார். ஒரு ராத்திரி யாரோ கொட்டகையை உடைத்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அது திரும்பவே இல்லை. தாத்தாவை விசாரணைக்குக் கூட்டிப் போய், இரண்டு நாள் கழித்து விட்டார்கள். வந்ததும் பாட்டியிடம் ஒன்று சொன்னாராம்.

"எடுத்தவன் யாரா இருந்தாலும், அதை வச்சு ஒருத்தனையும் சுட முடியாது. வாய் என்கிட்ட இருக்கு."

பாட்டி அந்தக் கட்டையை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தார். அன்றைக்கு முடிந்த மூட்டையைத்தான் நாங்கள் பிரித்தோம்.

எங்களில் யாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தைச் செய்ய வேணாம்ணே" என்றார். விட்டுப்போன பாகம் என்று நாங்கள் தேடியது எதுவும் விட்டுப்போகவில்லை. தாத்தா வேண்டுமென்றே பிரித்து வைத்தது அது. அதை நாம் சேர்த்து முழுசாக்கினால், அவர் செய்ததை அழித்தது மாதிரி ஆகிவிடும்.

ஆனால் இன்னொரு பிரச்சினை இருந்தது. இது துப்பாக்கிப் பாகம் என்று தெரிந்த பிறகு, சும்மா வைத்திருக்க முடியாது. நம் நாட்டு 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் பாகத்தையும் துப்பாக்கியாகவே கணக்கில் எடுக்கிறது. 1971-ல் வந்த சட்டம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. 'பழசுதானே, பூஜைப் பொருள்தானே' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், சட்டம் அப்படிப் பார்க்காது. கோயிலில் வைத்தால் கோயிலுக்கும் சிக்கல். நம்ம பக்தர்களில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டோம். முன்கூட்டியே தகவல் சொல்லி, குடும்பத்தோடு போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து ஒப்படைப்பதுதான் சரி என்றார்.

அத்தைக்கு அதுதான் தாங்கவில்லை. "இத்தனை வருஷம் சாமின்னு கும்பிட்டதைக் கொண்டுபோய் பாலாய்ல கொடுக்கறதா?"

அதற்குப் பதில் சொன்னவர் நம்ம குருக்கள். "அம்மா, நவராத்திரிக்குக் கலசம் வைக்கிறோம். பத்தாம் நாள் அம்பாளை வழியனுப்பிட்டுக் கலசத்தை எடுத்துடறோம். அதனால அம்பாள் போயிட்டாளா? எழுந்தருளப் பண்றது எப்படிப் பூஜையோ, வழியனுப்பறதும் பூஜைதான். உங்க அப்பா செஞ்ச புண்ணியம் இந்த இரும்புல இல்ல."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். விஜயதசமி காலையில் குருக்கள் தீபாராதனை காட்டினார். அத்தை தன் கையாலேயே கட்டையையும் ஆணியையும் மஞ்சள் துணியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே முறைப்படி ஒப்படைத்தாயிற்று. வாங்கிக்கொண்ட அதிகாரி மலாய்க்காரர். கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, அத்தையிடம் "உங்கள் அப்பா புத்திசாலி" என்று மலாயில் சொன்னார். அத்தை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

இப்போது அந்த மஞ்சள் துணி காலியாக இல்லை. தாத்தாவின் படத்தை நகல் எடுத்து, அத்தை சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அவர் கைநாட்டோடு உள்ளே வைத்திருக்கிறோம். படத்துக்குப் பின்னால் பெயர், தோட்டம், ஊர் எல்லாம் எழுதியாச்சு. அடுத்த வருஷம் முதல் ஆயுத பூஜைக்கு அந்த மூட்டை நம்ம கோயிலில் இருக்கும். சந்தனம், குங்குமம், ஒரு செங்காந்தள் கிடைத்தால் அதுவும்.

அன்பர்களே, கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம வீடுகளில் பெட்டிக்கு அடியில், சாமி மாடத்தில், என்னவென்றே தெரியாத பழைய பொருள் ஏதாவது இருக்கும். கிரைண்டர் போடாதீங்க. புதுசாக்க வேண்டாம். துப்பாக்கி, தோட்டா, அதன் பாகம் மாதிரி ஏதாவது தெரிந்தால் கையில் எடுத்துக்கொண்டு அலையாமல், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லி ஒப்படைச்சிடுங்க. ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்க. இரும்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள். அது ஏன் பிரிந்து கிடக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் நம்ம வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார்.

அத்தைக்கு உடம்பு இப்போது பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பார்த்தால் வணக்கம் சொல்லுங்க.

எல்லாருக்கும் அம்பாள் துணை இருக்கட்டும்.